டீப்பெட்டி வண்டி

தருமனுக்கு ஓரிடத்தில் சேர்ந்தாற்போல் உட்காரத் தெரியாது. சாப்பிடும்போதுகூட ஒரு முழங்கால் ஆடிக்கொண்டே இருக்கும். சைக்கிளில் டீத்தூள் பாக்கெட்டுகளைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகக் கடைகளுக்குப் போடுகிற வேலை. வீட்டுக்குத் திரும்பினாலும் மனசு மட்டும் எங்கோ ஒரு சாலையில் போய்க்கொண்டிருக்கும்.

அடி அண்ணாமலையில், மலை சுற்றும் பாதையை ஒட்டியே அவன் வீடு. மனைவி உண்ணாமலைக்குப் பிறந்த ஊர் செஞ்சிக்கு அருகே ஒரு கிராமம். பஸ்ஸில் காலையில் ஏறினால் வெயில் உறைப்பதற்குள் இறங்கிவிடலாம். ஆனால் டீசல் வாடை மூக்கில் பட்டதும் அவளுக்குக் குடலைப் புரட்டும். மாட்டு வண்டி ஆட்டத்திலும் அதே கதிதான். சைக்கிள் கேரியரில் கூட்டிப்போனபோது ஒரு பள்ளத்தில் விழுந்து இடுப்பில் அடி. அதற்குப் பிறகு கேரியரில் சிறிது நேரம் உட்கார்ந்தாலே வலி பிடுங்கித் தின்னும். அம்மாவைப் பார்த்து வருஷக்கணக்காகிவிட்டது. அதைப் பற்றி அவள் பேசுவதில்லை. பேசாமல் இருப்பதுதான் தருமனைத் துளைத்தது.

சாய்வு நாற்காலியில் காலை நீட்டிச் சாய்ந்தால் அவளுக்கு வலி இல்லை. அந்த நாற்காலிக்குச் சக்கரம் வைத்தால் என்ன என்று ஒரு நாள் தோன்றியது. தோன்றிய பிறகு அவனுக்குத் தூக்கம் போயிற்று.

மூன்று பழைய சைக்கிள்களைப் பிரித்தான். முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு சாய்வு இருக்கை, இரண்டுக்கும் பெடல். வெயிலும் மழையும் படாமலிருக்க மூங்கில் வளைத்து, டீத்தூள் வந்த பெட்டிகளின் மெல்லிய பலகையால் மூடினான். மூக்குப் பகுதி மட்டும் மீன் தலை மாதிரி கூர்ந்து இறங்கும். அதை இழைத்து இழைத்து வார்னிஷ் அடித்தான்.

அவளோடு மலையை முதல் சுற்று வந்தபோது, பக்கத்துவீட்டு இருசப்பன் வேப்பங்குச்சியோடு வழி மறித்தான்.

"டேய் தருமா, இன்னாடா இது? பல்லக்கா, பாடையா?"

"வண்டிண்ணே."

"நடந்து சுத்தினா கிரிவலம். உருண்டு சுத்தினா அங்கப்பிரதட்சிணம். படுத்துக்கினு மிதிச்சா அதுக்குப் பேரு இன்னாடா? சாமிக்கே கொயப்பமாயிடும்."

உள்ளேயிருந்து உண்ணாமலை சொன்னாள்: "சாமி ஒண்ணும் கேக்கல. நீங்கதான் கேக்கறீங்க மாமா. வழிய வுடுங்க."

அன்றைக்கு அவளுக்குக் குமட்டல் வரவில்லை. தன் காலே மிதிக்கும் வண்டியில் குடல் புரளாது போலிருக்கிறது. இறங்கியதும், "எப்பங்க செஞ்சிக்குப் போறது?" என்றாள்.

"பிரேக்கக் கொஞ்சம் சரி பண்ணிட்டா போதும்."

பிரேக் சரியான பிறகு வண்டியின் எடை அவனுக்குப் பிடிக்கவில்லை. நல்ல வண்டி என்றால் வேகமாய்ப் போக வேண்டும் என்று முதலில் நினைத்திருந்தான். போகப் போகத்தான் ஒவ்வொன்றாகப் புரிந்தது. எடை ஜாஸ்தியானால் சின்ன மேடும் மலையாகிவிடும். காற்று நுழையாவிட்டால் உள்ளே வெந்துபோக வேண்டும். தரையோடு தரையாகப் போகிற வண்டி லாரிக்காரன் கண்ணில் பட வேண்டும். அதற்கு ஒரு மூங்கில் நுனியில் சிவப்புத் துணி கட்டினான். ஏறுவதும் இறங்குவதும் கட்டிலில் உட்கார்ந்து எழுவதுபோல இருக்க வேண்டும். ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று உறுத்தும். சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் மலையை ஒரு சுற்று சுற்றுவான். எங்கே உரசுகிறது என்று பார்ப்பான், உரசிய இடத்தை அரத்தால் தேய்ப்பான், மறுநாள் மறுபடியும் சுற்றுவான்.

பொங்கல் போயிற்று. சித்திரையும் போயிற்று. வண்டி மட்டும் தயாராகவில்லை.

"வண்டி நல்லா இருக்கறது முக்கியமா, நாம போறது முக்கியமா?" என்று ஒரு நாள் கேட்டாள். அவன் அரத்தை எடுத்தான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சே கம்மியாகிவிட்டது. அரம் தேய்க்கும் ஓசைதான் கேட்டுக்கொண்டிருந்தது.

ஆனி மாதத்தில், மல்லாட்டைக் கடலை மூட்டையோடு சந்தைக்கு வந்த அவளுடைய மாமன் மகன் பரசுராமன் வீட்டுக்கு வந்தான். தண்ணீர் குடித்துவிட்டு, நிமிர்ந்து பார்க்காமல் சொன்னான்.

"அத்தைக்குக் கண்ணு போயிக்கினே இருக்குது உண்ணா. நரம்பு காயுதாம், ஆப்ரேசன் பண்ணாலும் வராதுன்னு கைய விரிச்சுட்டாங்க. இருக்கிற வெளிச்சத்துல அவ மூஞ்சிய ஒரு தரம் பாத்துடறேன்னு சொல்லுது."

உண்ணாமலை அழவில்லை. சட்டியில் கட்டுச்சோறு கிளறத் தொடங்கினாள். தருமன் செயினுக்கு எண்ணெய் போட்டான்.

விடிகாலையில் கிளம்பினார்கள். மலையின் வடபுறம் சுற்றி, காஞ்சி ரோட்டைத் தாண்டி டவுனுக்குள் இறங்கினார்கள். வண்டி வழுக்கிக்கொண்டு போனது. பின்னாலிருந்து அவள் மிதிக்கும் பலம் அவன் பாதத்தில் தெரிந்தது. தேர் போகிற வீதியிலிருந்து திண்டிவனம் ரோடு பிரிகிற முனையில், பூக்காரிகள் கூடை இறக்கிக்கொண்டிருந்தார்கள். தருமன் கைப்பிடியை இடப்பக்கம் ஒடித்தான்.

பலகை கிறீச்சிட்டது. முன்சக்கரம் மூக்குப் பகுதியில் போய்ச் சிக்கி நின்றுவிட்டது. வண்டி, தூங்கி விழுகிறவனைப்போல, மெதுவாக வலப்பக்கம் சாய்ந்து படுத்தது.

"ஐயோ, உள்ளாற ஒரு பொம்பளையும் இருக்குதுடி!" என்று ஒரு பூக்காரி கத்தினாள்.

நாலைந்து பேர் சேர்ந்து நிமிர்த்தினார்கள். உண்ணாமலைக்கு முழங்கையில் சிராய்ப்பு. தருமன் குனிந்து சக்கரத்தைப் பார்த்தான். வலப்பக்கம் திருப்பினால் வெண்ணெய் மாதிரி திரும்பியது. இடப்பக்கம் பாதிக்கு மேல் போகவில்லை. பலகையில் இடித்தது.

அவனுக்கு உறைத்தது. மலையை வலத்தில் வைத்துத்தான் சுற்றுவது. அத்தனை சாயங்காலமும் அப்படித்தான் சுற்றினான். எதிர்ப்பக்கமாகச் சுற்ற அவனுக்கும் தோன்றவில்லை, தோன்றியிருந்தாலும் ஊர் விட்டிருக்காது. வீடும் மலைப் பக்கம்தான். வலப்புறமாகவே உள்ளே நுழைவான், பின்னுக்குத் தள்ளி வெளியே எடுப்பான். வலப்பக்கம் உரசிய இடத்தையெல்லாம் தேய்த்துத் தேய்த்துச் சரிசெய்தவனுக்கு, இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே இன்றைக்குத்தான் தெரிந்தது.

"இன்னாப்பா, செஞ்சிக்கா?" என்றான் கூட்டத்தில் ஒருவன். "வலப்பக்கமாவே திரும்பிக்கினு போ. காசியச் சுத்திக்கினு வந்து சேந்துடலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். தருமனுக்குக் காது சூடாகியது.

"வூட்டுக்குத் தள்ளிக்கினு போயிடலாம்," என்றான் அவளிடம். "மூக்கக் கழட்டி, அகலமா வேற ஒண்ணு செய்யணும். ஒரு வாரம். மிஞ்சிப்போனா பத்து நாளு."

உண்ணாமலை அவனையே பார்த்தாள். முந்தானையால் முழங்கையை அழுத்திக்கொண்டாள்.

"நீங்க செய்யுங்க. நான் நடந்து போறேன்."

"இந்த இடுப்பை வெச்சுக்கினா? எம்மாந் தூரம் தெரியுமா?"

"எங்கம்மா கண்ணு பத்து நாளு நிக்குமான்னு உங்களுக்குத் தெரியுமா?"

சொல்லிவிட்டுக் கட்டுச்சோற்று மூட்டையை எடுத்துக்கொண்டு, கிழக்கே பார்த்து நடக்கத் தொடங்கினாள். ஒரு காலை இழுத்து இழுத்து வைத்தாள்.

தருமன் வண்டியின் மூக்கைப் பார்த்தான். அதன் மேல் சூரியன் பளபளத்தது. அந்த வளைவுக்காக எத்தனை பெட்டிகளை உடைத்திருப்பான். அவன் கை ஸ்பேனரை எடுத்தது, வைத்தது, மறுபடி எடுத்தது. இரண்டு போல்ட்டுகள் சுலபமாக வந்தன. மூன்றாவது சுற்றிக்கொண்டே இருந்தது. அவன் பொறுமையிழந்து பலகையை இரண்டு கையாலும் பிடித்துப் பிய்த்தான். மூங்கிலோடு, மேல்மூடியோடு, மொத்தமும் சடசடவென்று பிரிந்து வந்தது. அதை அந்தப் பூக்காரியின் காலடியில் போட்டான்.

"அடுப்புக்கு வெச்சுக்கம்மா."

ரயில்வே கேட்டுக்கு முன்னாலேயே அவளைப் பிடித்துவிட்டான். வண்டி இப்போது எலும்புக்கூடாக இருந்தது. இரண்டு நாற்காலி, மூன்று சக்கரம், மேலே வானம். அவள் ஏறிச் சாய்ந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மிதித்தாள்.

எதிரில் வந்த பஸ்ஸில் அத்தனை தலையும் ஜன்னலுக்கு வந்தது. களை எடுக்கிறவர்கள் நிமிர்ந்து கை தட்டினார்கள். ஒவ்வொரு இடது வளைவிலும் தருமன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். வண்டி திரும்பியது. திரும்பியதை நம்ப முடியாமல் அடுத்த வளைவுக்குக் காத்திருந்தான். வெயில் நெற்றியைப் பிளந்தது. புளியமர நிழல் வந்தால் நிறுத்தித் தண்ணீர் குடித்தார்கள், நிழலிலும் அவனால் நிற்க முடியவில்லை. பாறை மேல் பாறையாக அடுக்கிய செஞ்சிக் குன்றுகள் தெரிந்தபோது அவள் இன்னும் வேகமாக மிதிக்கத் தொடங்கினாள். அதற்கு ஈடுகொடுக்க அவன் திணறினான்.

உண்ணாமலையின் அம்மா பச்சையம்மாள் களத்து மேட்டில் உட்கார்ந்து கைத் தடவலில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். பொழுது சாய இன்னும் நேரமிருந்தது. காலடி ஓசை கேட்டு, "யாரு?" என்றாள்.

உண்ணாமலை முன்னால் போய் மண்டியிட்டாள். கிழவி இரண்டு கையாலும் அந்த முகத்தைப் பற்றி மேற்குப் பக்கம் திருப்பினாள். ஒரு கண்ணை இடுக்கி, மிக அருகில் வைத்து, நெற்றியிலிருந்து தாடைவரை கொஞ்சம் கொஞ்சமாகப் பார்த்தாள். வைக்கோல் போரில் ஒரு கோழி கிளறிக்கொண்டிருந்தது.

"இன்னாடி," என்றாள் பச்சையம்மாள், "இம்மாங் கறுத்துட்ட? மூக்குத் தோலு உரியப்போவுது பாரு. தலையில ஒரு துணி போட்டுக்கினு வரக் கூடாதா?"