பூவாயியை அழவைத்த வசனம்

1

இந்தக் கதை ஒரு பாராட்டிலிருந்து பிறந்தது. போன மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் முன்பின் தெரியாத ஒரு அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் படத்துல அந்தக் குழந்தை அழற சீன் இருக்கே, இன்னிக்கு டிவியில போட்டாலும் கைவேலையை விட்டுட்டு வந்து உக்காந்து அழுவேன் சார்" என்றார். நான் கைகூப்பினேன். பதினாறு வருடமாகக் கூப்பிக்கொண்டிருக்கிற கை. பந்தியில் உட்கார்ந்தபோது சோறு இறங்கவில்லை. துக்கம் இல்லை, கோபம். அந்த அம்மாள் மீது, என் மீது, இன்னொரு அழுகைக்குத் தயாராக இதைக் கையில் எடுத்திருக்கிற உங்கள் மீதும்தான்.

படத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. மனைவியை இழந்த ஒருவன். அவன் எடுத்து வளர்க்கும் பெண் குழந்தை. தான் அவனுக்குப் பிறக்கவில்லை என்று அந்தக் குழந்தைக்குத் தெரியவரும் நாள். கடைசியில் மழையில் ஒரு கட்டிப்பிடிப்பு. ஊருக்கு ஊர் நூறு நாள் ஓடியது. வசனம் நான்.

2

முதல் தொடக்கம்:

'1981. கார்த்திகை மாதம். ஏற்காட்டில் பனி இறங்கி, சில்வர் ஓக் மரங்களின் உச்சியை மெல்ல—'

வேண்டாம். பனியை எழுத ஆரம்பித்தால் நான் செய்தது மங்கலாகத்தான் தெரியும்.

இரண்டாவது தொடக்கம்:

'சென்றாயன் ஒரு ஏழைத் தொழிலாளி. அவன் கண்களில் ஆறாத சோகம்—'

அவர் கண்ணில் சோகமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. எதற்கெடுத்தாலும் சிரிக்கிற மனிதர். அந்த 'அவன்' எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். அவருக்கு அப்போது நாற்பது வயது, எனக்கு முப்பத்திரண்டு. சினிமாக்காரன் பேனாவில் ஏழைக்கு மரியாதை விகுதி தானாக உதிர்ந்துவிடும்.

மூன்றாவது, கடைசி:

ஏற்காட்டு மலையில் கொட்டச்சேடு பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் ஷூட்டிங். சென்றாயன் அங்கே வேலை செய்கிறவர். மனைவி பொன்னாயி இறந்து இரண்டு வருடம். மகள் பூவாயிக்கு ஏழு வயது. மனைவி போன ஒருவர் என்ன பேசுவார் என்று எனக்குத் தெரியாது. வசனம் எழுதியாக வேண்டும். நோட்டை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

3

"சம்சாரம் போனப்புறம் எப்படி இருந்தது?"

கேட்ட கேள்வியைப் பாருங்கள். அதற்கும் அவர் பதில் சொன்னார்.

"எப்படிங்க சொல்றது? ஊட்டுல உப்பு எங்க வெச்சிருந்தாள்னு தெரியாம ஒரு வாரம் உப்பில்லாமத் தின்னமுங்க, நானும் புள்ளையும். அப்பறம் பாத்தா அடுப்புக்கு மேலயே இருக்குதுங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் குறித்துக்கொண்டேன். படத்தில் அது, 'என் வாழ்க்கையின் உப்பே கரைந்துவிட்டதம்மா!' என்று ஆனது. தியேட்டரில் கைதட்டினார்கள். (கைதட்டியவர்களில் ஒருவராவது ஒரு வாரம் உப்பில்லாமல் தின்றிருப்பார்களா என்று கேட்காதீர்கள். நானும் தின்றதில்லை.)

என்னை அவர் 'ரைட்டரே' என்றுதான் கூப்பிடுவார். எஸ்டேட்டில் ரைட்டர் என்றால் வேலைக்கு வந்தவர் பெயரை எழுதுகிறவர். வந்தவரை வந்தார் என்றும் வராதவரை வரவில்லை என்றும் எழுதுவார், அவ்வளவுதான். என்னையும் அந்த ஜாதி என்று நம்பித்தான், படத்தின் கதையைக் கேட்டதும், மற்றதையும் சொன்னார்.

"புள்ள எங்களுக்குப் பொறந்தது இல்லீங்க. பக்கத்து ஊட்டுல வேலம்மாள்னு ஒருத்தி, பெத்துப்போட்டு மூணாம் நாளே போயிட்டா. புருசங்காரன் எங்கயோ போயிட்டான். பொன்னாயி போயித் தூக்கியாந்துட்டா. இந்த லைன்ல முப்பது ஊடு இருக்குதுங்க. ஏழு வருசமா ஒருத்தரு வாய் தொறக்கலீங்க. நீங்களும் சொல்லிப்போடாதீங்க. பெரிசானதும் நானே சொல்லிக்கறனுங்க."

அந்த முப்பது வீட்டிலும் குடிகாரர்கள் உண்டு. தண்ணீர்க் குழாயடியில் குடுமிப்பிடிச் சண்டை உண்டு. ஆத்திரத்தில் யார் பிறப்பையும் இழுத்துப் பேசுகிற வாய்கள்தான் அத்தனையும். இந்த ஒன்றை மட்டும் யாரும் இழுக்கவில்லை. ஏழு வருடம்.

என் வயிற்றில் அது ஒன்பது நாள் தங்கியது.

4

மெட்ராஸிலிருந்து கூட்டிவந்த குழந்தை நட்சத்திரத்துக்கு மலைக்குளிர் ஒத்துக்கொள்ளாமல் ஜுரம். திருப்பி அனுப்பிவிட்டோம். டைரக்டர் கண்ணில் பூவாயி பட்டாள். சென்றாயனுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

அவள் பிரமாதமாகச் செய்தாள். ஓடு என்றால் ஓடினாள், கோபப்படு என்றால் கோபப்பட்டாள். அழு என்றால் மட்டும் சிரித்தாள். உண்மை தெரிந்து குழந்தை அழும் குளோசப். கிளிசரின் போட்டோம். கண்ணில் தண்ணீர் வந்தது, முகம் சிரித்துக்கொண்டே இருந்தது.

"எனக்கு அழுவாச்சி வரலீங்க. இது கதைதானுங்களே?"

ஏழு வயதில் அவளுக்கு அது தெரிந்திருந்தது. கதை வேறு, நிஜம் வேறு.

(இங்கே டைரக்டரை வில்லனாக்க மூன்று முறை முயன்றேன். தொப்பை வைத்தேன், சிகரெட் கொடுத்தேன், குழந்தையைக் கிள்ளவைத்தேன். எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். அவர் நல்ல மனிதர். லைட்பாய் வரை எல்லோரும் சாப்பிட்டார்களா என்று கேட்டுவிட்டுத்தான் இலையில் உட்காருவார். அவர் செய்ததெல்லாம், ஏதோ சாமான் வாங்க வேண்டும் என்று சென்றாயனை யூனிட் வேனில் சேலத்துக்கு அனுப்பியதும், "உங்கப்பா காப்பிக் காட்டில் விழுந்து அடிபட்டுட்டாராம்" என்று பூவாயியிடம் ஒரு பொய் சொன்னதும்தான். "எங்கப்பன் உழுவ மாட்டாருங்க. வேன்ல போனாரு, பாத்தனே" என்றாள். டைரக்டர் தலையில் கைவைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஏதாவது பண்ணுய்யா." அவ்வளவுதான் அவர் சொன்னது.)

5

'நான் அவள் முன்னால் மண்டியிட்டு—'

மண்டியிடவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன்.

'கனத்த மனதோடு—'

பச்சைப் பொய். மனம் உற்சாகமாக இருந்தது. விடுகதைக்கு விடை கிடைத்துவிட்ட உற்சாகம். கேமராவை ஓடவிடச் சொல்லிக் கையைக் காட்டினேன். ஒன்பது நாளில் அவர்கள் பேச்சு எனக்கு நன்றாக வந்திருந்தது. காதருகே சொன்னேன்.

"கண்ணு, இது கதையில்ல. பொன்னாயி உன்னையப் பெத்தவ இல்ல. உங்கப்பனும் உன்னையப் பெத்தவரு இல்ல. உன்னையப் பெத்தவ நீ பொறந்த மூணாம் நாளே போயிட்டா."

நான் எழுதியதிலேயே சுருக்கமான வசனம். ஒரே டேக்.

அந்த முகத்தை வர்ணிக்க மாட்டேன். டிக்கெட் எடுத்துப் பார்த்தீர்கள். போதும்.

டைரக்டர் கட் சொன்னதும் யூனிட்டே கைதட்டியது. நான் அவளைத் தூக்கிக்கொண்டேன். என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அவள் கேட்டது, தன்னைப் பெற்றவள் யார் என்று அல்ல.

"எங்கப்பனுக்குத் தெரியுமுங்களா?"

புரிகிறதா? தன்னைப்போலவே அப்பனும் ஏமாந்துபோயிருக்கிறார் என்று நினைத்துவிட்டாள். நான் வாய் திறப்பதற்குள் அவளே சொன்னாள்: "சொல்லிப்போடாதீங்க. தெரிஞ்சா என்னைய உட்டுப்போட்டுப் போயிருவாரு."

'தெரியும் கண்ணு, தெரிந்துதான் உன்னை வளர்க்கிறார்' என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நேராக அவரிடம் ஓடுவாள். யார் சொன்னது என்று அவர் கேட்பார். அதனால், "சொல்ல மாட்டேன் கண்ணு" என்றேன்.

சென்றாயனுக்குக் கொடுத்த வாக்கைக் காற்றில் விட்டேன். அவளுக்குக் கொடுத்ததைக் காப்பாற்றினேன். காப்பாற்றியிருக்கவே கூடாத வாக்கு அது ஒன்றுதான். அதைத்தான் காப்பாற்றினேன், மடையன்.

சாயங்காலம் வேன் வந்தது. சென்றாயன் இறங்கினார். பூவாயி ஓடிப்போய் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். "அழுதயா சாமி?" என்று கேட்டார். "நல்லா அழுதேம்ப்பா" என்றாள். அந்தப் படத்துக்காக அவள் நடித்த நடிப்பு அன்று சாயங்காலம்தான் ஆரம்பித்தது.

6

சேலத்தில் படம் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, முப்பது வீடும் லாரி பிடித்து இறங்கியது. நானும் போயிருந்தேன். அந்த குளோசப் வந்ததும் தியேட்டரே விம்மியது. சென்றாயன் எழுந்து நின்று திரும்பி, இருட்டில் என்னைத் தேடிக் கத்தினார்.

"நெசமாட்டவே இருக்குதுங்க ரைட்டரே!"

பூவாயி அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். திரையைப் பார்க்கவில்லை. அப்பனுக்கு ஏதாவது தெரிந்துவிட்டதா என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதை வேறு யாரும் கவனிக்கவில்லை. உங்களில் யாராவது அந்தக் காட்சிக்கு அந்தத் தியேட்டரில் இருந்திருந்தால் நீங்களும் கவனித்திருக்க மாட்டீர்கள். கண்ணைத் துடைப்பதில் மும்முரமாக இருந்திருப்பீர்கள்.

7

1992இல் இன்னொரு படத்துக்கு இடம் பார்க்க மறுபடி மலையேறினேன். சென்றாயன் என்னைக் கண்டதும் கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துப்போனார். பூவாயிக்குப் பதினெட்டு வயது. ஏற்காட்டு ஒண்டிக்கடை முக்குக்கு, டெய்லரிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கப் போயிருக்கிறாள் என்றார். அடுத்த வார்த்தையில் முகம் மாறிவிட்டது.

"பொண்ணு பாத்துட்டுப் போயிருக்காங்க ரைட்டரே. தங்கமான பையன். புள்ளைக்கும் நொம்பப் புடிச்சுப் போச்சு. நேத்துத்தான் அவங்க வகையறாவை விசாரிச்சேன். வேலம்மாள் புருசங்காரனுக்கு நேர் பங்காளிங்க. இவளுக்கு அண்ணன் முறை ஆவுதுங்க. இத எப்படிக் கட்டிக் குடுக்கறது?"

(படத்தில் நான் இப்படி ஒரு திருப்பம் வைத்திருந்தால் நீங்களே சிரித்திருப்பீர்கள். உறவு முறைக்கு உங்கள் சிரிப்பைப் பற்றிக் கவலை இல்லை.)

"இனிச் சொல்லாம இருக்க முடியாதுங்க. வாயெடுத்தா வார்த்தையே வரமாட்டேங்குது. நீங்க வசனம் எழுதறவரு. நாலு வரி எழுதிப் படிச்சுக் காட்டுங்க. மனப்பாடம் பண்ணிக்கறேன். புள்ள ஊட்டுக்கு வந்ததும் சொல்லிப்போடறேன்."

நான் பேச வேண்டிய இடம் இது. அவளுக்குத் தெரியும், சொன்னவன் நான்தான் என்று சொல்ல வேண்டிய இடம். இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ: 'நான் உண்மையைச் சொல்கிறேன். சென்றாயன் கவாத்துக் கத்தியை எடுத்து—'

அவர் எடுக்க மாட்டார். எடுத்திருக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன், அவ்வளவுதான்.

முடிவு ஆ: 'சென்றாயன் என் தோளில் கைவைத்து, "உடுங்க ரைட்டரே, நடந்தது நடந்துபோச்சு"—'

உங்களுக்கு வேண்டியது இதுதான், தெரியும். எனக்கும் வேண்டியதுதான். அவரிடம் கேட்காமல் அவர் வாயில் ஒரு மன்னிப்பைத் திணிப்பேனா? ஏற்கெனவே அவர் வாயிலிருந்து பிடுங்கியது போதாதா?

நடந்தது இது. பேனாவை எடுத்தேன். நாலு வரி எழுதினேன். நல்ல வரிகள்! படித்துக் காட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு மூன்று தடவை ஒப்பித்தார். இரண்டாவது வரியில் தடுமாறினார். "அங்க கொஞ்சம் நிறுத்திச் சொல்லுங்க, அப்பத்தான் எடுபடும்" என்று திருத்தினேன். தன் மகளிடம் ஒரு தகப்பன் பேச வேண்டிய பேச்சை எப்படி எடுபடச் சொல்வது என்று சொல்லிக்கொடுத்தேன். அதையும் நன்றியோடு கேட்டுக்கொண்டார்.

8

ஒண்டிக்கடையில் சேலம் பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கீழே ஒரு பெண் ஓடிவந்து கம்பியைப் பிடித்தாள்.

"ஏனுங்க, ரைட்டருங்களா? பூவாயிங்க."

அடையாளம் தெரியாமலா இருக்கும்?

"அப்பனப் பாத்தீங்களா?"

"பார்த்தேன் கண்ணு."

குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணும் சொல்லலீங்கல்ல?"

"சொல்லலை."

பெருமூச்சு விட்டாள். "இப்ப எனக்கு வெவரம் தெரியுமுங்க. அவருக்குத் தெரியாமயா இருக்கும்? தூக்கியாந்ததே அவங்கதான. ஆனா எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியவே கூடாதுங்க. இத்தன வருசம் புள்ள மனசுக்குள்ளயே வெச்சுக்கிட்டுத் திரிஞ்சுதேன்னு நெனச்சா ஒடஞ்சுபோயிருவாரு. கல்யாணம் கூடிவர்ற நேரம், அவரு சந்தோசமா இருக்கட்டும்."

இன்னும் அரை மணி நேரத்தில் வீட்டுக்குப் போவாள். அங்கே அவர் என் நாலு வரியை முணுமுணுத்தபடி காத்திருக்கிறார். முதல் மூன்று வரி அவளுக்குத் தெரியும். நாலாவது வரி தெரியாது. அதில்தான் மாப்பிள்ளை இருக்கிறான். முன்கூட்டியே சொல்லிவிட்டால், வீட்டுக்குப் போய் எதுவும் தெரியாதவள்போல இன்னொரு தடவை நடிக்க வேண்டும். சொல்லாமல் விட்டால், என் வசனத்தால் இன்னொரு தடவை அடிபடுவாள். கண்டக்டர் விசில் ஊதிவிட்டார்.

அன்று நான் அவளிடம் என்ன சொன்னேன், அல்லது சொல்லாமல் விட்டேன் என்பது என்னிடம் இருக்கிறது. தரமாட்டேன். தந்தால் அழுவீர்கள். அழுது முடித்ததும் மனம் லேசாகி அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். அவளுடைய பாரம் அவளிடமே இருக்கும்.

என் சீட்டில் நீங்கள் உட்காருங்கள். மழை கிடையாது, வயலின் கிடையாது. பஸ் நகர ஆரம்பித்துவிட்டது. அவள் கம்பியை விடாமல் கூடவே நடந்து வருகிறாள், நீங்கள் ஏதோ சொல்லப்போகிறீர்கள் என்று முகத்தைப் பார்க்கிறாள். சொல்லுங்கள்.