முதலைக்கு ஓர் அறை

1.

இந்தக் கதையை நானாக எழுத உட்காரவில்லை. அண்ணன் கேட்டார். அவர் குழந்தை வளர்ப்பு நிபுணர். கல்யாணம் ஆகாதவர், அதனால்தான் கருத்துகளில் அவ்வளவு தெளிவு.

"காந்த டைல்ஸ் வச்சு விளையாடினா குழந்தைங்க என்னென்ன கத்துக்கறாங்கன்னு ஒரு கதை எழுதிக் குடும்மா. பெத்தவங்க கூட்டத்துல வாசிக்கணும். கடைசியில உன் பொண்ணுங்க ரெண்டு பேரும் விட்டுக்குடுத்துடணும்."

"முடிவ நீயே சொல்லிட்டா நான் எதுக்குண்ணா?"

"நடுவுல எழுத."

2.

முதல் தொடக்கம்: "கற்றல் என்பது ஒரு வண்ணமயமான பயணம், அதன்—" வேண்டாம். பயணம் வந்தால் பின்னாலேயே கலங்கரை விளக்கமும் வந்துவிடும்.

இரண்டாவது: "பிஞ்சு விரல்கள் வடிவியலைத் தீண்டிய அந்தக் காலையில்—" என் விரல்களையே எனக்குப் பிடிக்காமல் போனது.

மூன்றாவது, நடந்தது: பெரியவள் சதுரங்களையெல்லாம் எடுத்துக்கொண்டாள்.

3.

என் மகள்கள் இருவர். டைல்ஸ் என்பவை ஓரங்களில் காந்தம் புதைத்த வண்ணப் பிளாஸ்டிக் தகடுகள். பக்கத்தில் கொண்டுபோனாலே டக்கென்று ஒட்டிக்கொள்ளும். என் மகள்கள் அப்படியல்ல.

பெரியவள் அரண்மனை கட்டினாள். சின்னவள் தன் ரப்பர் முதலையோடு வந்து நின்றாள்.

"அக்கா, இதுக்கு ஒரு ரூம் குடேன்."

"அரண்மனையில முதலையெல்லாம் வரக் கூடாது."

"கடிக்காதுக்கா. சும்மா தூங்கும்."

"ரூம் காலி இல்ல."

[இங்கே வீட்டுக்காரர்களைப் பற்றி ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். அண்ணனும் வீடுகளை வாடகைக்கு விட்டிருக்கிறார்.]

சின்னவள் அழவில்லை. முக்கோணங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டாள். சுவர்கள் எழுந்தன. கூரை போடும் நேரம் வந்தது.

"முக்கோணம் எங்கடி?"

"முக்கோணம் காலி இல்ல."*

* அண்ணனின் திருத்தம்: இதைத் "தொடர்புத் திறன்" என்று குறிப்பிடவும்.

4.

இப்போது நிபுணர் உள்ளே வருகிறார். இந்தப் பாத்திரத்தை என்னால் நம்ப முடியவில்லை. வரைவைப் படித்த அண்ணனும் அதையேதான் சொன்னார்: "இப்படி எவனாவது இருப்பானா?"

கூட்டுறவைப் படம் பிடிக்க செல்போனை நீட்டிக்கொண்டு, அரண்மனை அருகே மண்டியிட்டார். "செல்லங்களா, நாம எல்லாரும் ஒண்ணு சேர்ந்தா என்ன ஆகும்?"

அவர் இடுப்பு பெல்ட்டில் அத்தனை வாடகை வீட்டுச் சாவிகளும் கொத்தாகத் தொங்கின. அவர் குனிந்ததும் கிழக்குச் சுவர் தாவிப் போய்ச் சாவிக்கொத்தில் ஒட்டிக்கொண்டது. மற்ற சுவர்களும் படுத்துவிட்டன. நிபுணர் எழுந்து நின்றபோது இடுப்பில் ஒரு மஞ்சள் சதுரம் வால்போல ஆடியது.

"மாமா!"

அன்று முதன்முறையாக இரண்டு பேரும் ஒரே குரலில் பேசினார்கள்.

"தோல்வியை ஏத்துக்கற மனசுதான் நமக்கு—" என்று ஆரம்பித்தார்.

"சாவியக் கழட்டி வச்சுட்டு உக்காருங்க," என்றாள் பெரியவள்.

"நீங்களே கட்டுங்க," என்றாள் சின்னவள்.

கட்டினார். விழுந்தது. மறுபடி கட்டினார்.

"நிக்க வச்சு ஒட்டாதீங்க மாமா. தரையில படுக்க வச்சு ஒட்டிட்டுத் தூக்குங்க," என்றாள் பெரியவள்.

தூக்கினார். சுவர் நின்றது. மாமா நல்ல பிள்ளையாக இருக்க இருக்க, சின்னவள் ஒவ்வொரு முக்கோணமாகக் கொடுத்தாள். மல்லாக்கக் கிடந்த செல்போன் மின்விசிறியைப் படம் பிடித்துக்கொண்டிருந்தது.

5.

கூரையில் மூன்று முக்கோணங்கள் ஏறிவிட்டன. நான்காவது சின்னவள் கையில். அவள் மாமாவைப் பார்க்கவில்லை.

"அக்கா, முதலைக்கு?"

அண்ணனின் முடிவு: அக்கா தங்கையை அணைத்துக்கொள்கிறாள்; எங்கிருந்தோ புல்லாங்குழல். சின்னவளின் முடிவு: முதலைதான் ராஜா. எனக்குத் தோன்றியது: முதலை வாசலில் காவல்— இல்லை, அது வேலை, கேட்டது அறை.

சின்னவள் நான் தட்டச்சு செய்வதைப் பார்த்துவிட்டாள். "அம்மா, ரூம் கெடச்சிடுச்சுன்னு எழுதும்மா."

"எழுதினா நான் படிக்கவே மாட்டேன்," என்கிறாள் பெரியவள்.

"கூட்டம் நாளைக்கு," என்கிறார் தரையிலிருந்து அண்ணன்.

விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

பெரியவள் கூரையின் ஓட்டை வழியாக உள்ளே எட்டிப் பார்க்கிறாள். ஒரு சதுரத்தை எடுத்து உள்ளே இறக்கி, குறுக்கே நிறுத்திப் பார்க்கிறாள். தடுப்புச் சுவரா என்று கேட்டால் உடனே எடுத்துவிடுவாள், யாரும் கேட்காதீர்கள்.

சின்னவள் முக்கோணத்தைக் கூரைக்கு அருகே கொண்டுபோகிறாள். காந்தம் இழுக்கத் தொடங்கிவிட்டது. அவள் இன்னும் பிடியை விடவில்லை. விடுவதோ பிடிப்பதோ, அந்த விரல்களை இனி உங்களிடம் ஒப்படைக்கிறேன். முதலையை மட்டும் மிதித்துவிடாதீர்கள், உங்கள் காலடியில்தான் கிடக்கிறது.