சோம்பேறிப் பூனை வருவதாகச் சொன்ன சனிக்கிழமை

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. தலைவலி மாத்திரை வாங்கப் போன இடத்தில் காதில் விழுந்தது. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அம்மாள், கூட நின்றவளிடம் சொல்லி அழுதுகொண்டிருந்தாள். ஒட்டுக்கேட்டுக் கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு வெட்கம் ஏது? வீட்டுக்கு வந்ததும் இப்படி ஆரம்பித்தேன்:

இன்றைய இளைய தலைமுறை கைப்பேசிக்கு அடிமையாகி—

சீ, பள்ளிக்கூடக் கட்டுரை. அடித்துவிட்டேன்.

2

மருந்துக்கடை அம்மாளுடைய பதினைந்து வயது மகள் சதா போனும் கையுமாக இருந்தாள். யாரோடு பேசுகிறாய் என்று கேட்டால் கதவைச் சாத்திக்கொள்வாள். பெற்ற வயிறு சும்மா இருக்குமா? மகள் அரட்டையடிக்கும் செயலியில் அம்மாவும் பொய்ப் பெயரில் ஒரு கணக்குத் தொடங்கினாள். பெயர் சோம்பேறிப் பூனை, வயது பதினைந்து, வேறு பள்ளி. வேவு பார்க்கத்தான் வந்தாள். கொஞ்ச நாளில் மகளுக்கு உயிர்த்தோழி ஆகிவிட்டாள்.*

(* பூனை மீது எனக்குச் சந்தேகம்தான். சிறுபெண்ணைப் போல ஒரு தாயால் எத்தனை நாள் எழுத முடியும்? ஆனால் தாடி வளர்த்த நான் தாயைப் போல எழுதிக்கொண்டிருக்கிறேனே, என்னை யார் கேட்டார்கள்?)

3

கூடத்தில் அம்மா, உள்ளறையில் மகள், நடுவில் ஒரு சுவர். ஒரு நாள் மகள் அனுப்பினாள்: "ஒரு பையனுக்கு என் போட்டோ அனுப்பிட்டேன்டி. அனுப்பக்கூடாத போட்டோ. இப்ப எல்லாருக்கும் காட்டிருவேன்னு மிரட்டுறான்."

உங்கம்மாவிடம் சொல் என்று பூனை கெஞ்சியது.

"சொல்லத்தான் போனேன். அம்மா எப்பப் பாத்தாலும் போன்லயே இருக்காங்க. நிமிந்துகூடப் பாக்கல."

(இந்த இடத்தில் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.)

சாப்பிடும்போது அம்மா மெல்லத் தூண்டிப் பார்த்தாள். ஒன்றுமில்லை என்று மகள் எழுந்து போய்விட்டாள்.

4

முடிவு ஒன்று: அம்மா உள்ளே போய், "பூனை நான்தாண்டி கண்ணு" என்கிறாள். இருந்த ஒரே தோழியும் இல்லை என்றாகிறது. அப்புறம் அந்தப் பெண் யாரை நம்பும்?

முடிவு இரண்டு: பூனை கணக்கை மூடிவிட்டு ஓடிவிடுகிறது. அன்றைக்கே மகள்—

வேண்டாம். எனக்குக் கை வரவில்லை.

5

மகளே பூனையிடம் ஒரு வழி சொன்னாளாம்: "தனியாச் சொல்லப் பயமா இருக்கு. சனிக்கிழமை எங்க வீட்டுக்கு வா. நீ பக்கத்துல இருந்தா அம்மாகிட்டச் சொல்லிருவேன். நீ வரலைன்னா யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

வருகிறேன் என்று அம்மா அனுப்பிவிட்டாள், பாவி. வேறென்ன அனுப்புவாள்?

கடையில் நான் கேட்டது இவ்வளவுதான். இனி என் தலைவிதி.

சனிக்கிழமை சாயங்காலம். மகள் தலைவாரி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு வாசலையே பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். எதிரே அம்மா, போனை அணைத்து வைத்துவிட்டு. மகளுடைய உதடு காய்ந்திருக்கிறது.

"யாரு வராங்கன்னு கேக்க மாட்டியாம்மா?"

வாசகரே, பூனையாக வந்து வாசல் மணியை அடிக்க என்னிடம் ஒரு பெண் இல்லை. தேடாத இடமில்லை. அம்மா என்ன சொல்ல வேண்டும் என்றும் எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் சீக்கிரம் சொல்லுங்கள். அம்மா வாயைத் திறந்துவிட்டாள்.