அறைக்குள் நடந்த மீட்டிங்

ஊரடங்கின் மூன்றாவது மாதம். கம்பெனி என்னை வேலையைவிட்டு அனுப்பிப் பதினெட்டு நாள் ஆகியிருந்தது. வீட்டில் அதைப் பற்றி மூச்சுவிடவில்லை. தினமும் காலையில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு எருமை மாதிரி கிடப்பேன். எழுந்து என்ன செய்வது என்று தெரியாததால் எழவில்லை. குளித்து நாலு நாள் இருக்கும். அம்மா கதவைத் தட்டினால், "மீட்டிங்ல இருக்கேம்மா!" என்று எரிந்து விழுவேன். ஒருமுறை அப்பா இருமியதற்கு, "ஆபீஸ்ல எல்லாருக்கும் கேக்குது!" என்று கத்தினேன். துரைக்கு அவ்வளவு வேலை.

அன்று மத்தியானம் தண்ணீர் எடுக்க வெளியே வந்தேன். குக்கர் விசில் எனக்குத் தொந்தரவு என்று அம்மா பாத்திரத்தில் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். அப்பாவைக் காணோம். குளியலறைக் கதவைத் தள்ளினேன். குழாயைத் திறந்துவிட்டு, துண்டை வாயில் அழுத்திக்கொண்டு இருமிக்கொண்டிருந்தார். தொட்டுப் பார்த்தேன். உடம்பு நெருப்பாய்க் கொதித்தது.

"எத்தனை நாளாப்பா இப்படி?"

"மூணு நாளா" என்று கிசுகிசுத்தவர், என் அறைப் பக்கம் பயத்தோடு எட்டிப் பார்த்தார்.

"மைக்கை ஆஃப் பண்ணிட்டியாப்பா?"