வெண்ணெய் அறையில் ஒரு மஞ்சள் நாடா

ஓடாத ஃபிரிட்ஜைக் கண்டால் நிவால்தோவுக்குக் கை சும்மா இருக்காது. ஹவானாவின் செர்ரோ வட்டாரத்தில் அவன் முதுகைத் திருப்பிப் பார்க்காத ஃபிரிட்ஜே கிடையாது. அமெரிக்கக்காரன் விட்டுப்போனது, ரஷ்யாக்காரன் கொடுத்தது, சீனாக்காரன் தவணையில் தள்ளிவிட்டது, எதுவானாலும் சரி. காதை வைத்துக் கேட்பான், இரண்டு தட்டு தட்டுவான், ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் அதை உறுமவைத்துவிடுவான். அறுபதைத் தாண்டியவனை அவன் இவன் என்கலாமா என்று கேட்காதீர்கள். காதலில் விழுந்தவனுக்கு வயசுக்கான மரியாதையெல்லாம் கிடையாது.

காதலிக்கப் போனவன் போயும் போயும் யாரைப் பிடித்தான் தெரியுமா? ஓடாத ஃபிரிட்ஜை வேண்டுமென்றே வீட்டில் வைத்திருந்த லியோனோரை.

லியோனோர் பேஸ்பால் மைதானத்தில் காலமெல்லாம் டிக்கெட் கிழித்துவிட்டு ஓய்வு பெற்றவள். கணவன் உர்பானோ போய்ச் சேர்ந்த வருஷமே அவன் வாங்கிப்போட்ட ரஷ்ய ஃபிரிட்ஜும் மூச்சை நிறுத்திக்கொண்டது. அதைத் தூக்கிப் போட அவளுக்கு மனசில்லை. கதவின் ரப்பர் மட்டும் கெட்டுப்போகாமல் இருந்தது, மூடினால் காற்று புகாது. உள்ளே நன்றாகத் துடைத்து, தேவதாருப் பலகை அடித்து, அதில் சுருட்டுகளை அடுக்க ஆரம்பித்தாள். முட்டை வைக்கிற குழிகளில் குட்டைச் சுருட்டுகள் நின்றன. காய்கறித் தட்டில் நீளமானவை படுத்திருந்தன. அடியில் ஒரு கண்ணாடித் தம்ளர், அதற்குள் நனைத்த பஞ்சு. இலை காயாமல் இருக்க அது போதும்.

ஃபிரிட்ஜுக்கு அவள் வைத்த பெயர் உர்பானோ.

சுருட்டெல்லாம் தம்பி தொர்குவாத்தோ கொண்டுவருவது. அவன் ஆலையில் சுருட்டு உருட்டுகிறவன். வேலை முடிந்து போகும்போது ஆளுக்குக் கொஞ்சம் வீட்டுக்கு எடுத்துப்போகலாம் என்பது ஆலை வழக்கம். அவன் பங்கில் பாதி அக்காவுக்கு வந்துவிடும். அவளோ வந்ததை உடனே பற்றவைக்க மாட்டாள்.

“இப்பதான் பொறந்திருக்கு. இப்பப் பத்தவச்சா கத்தும். கொஞ்ச நாள் தூங்கட்டும்” என்பாள்.

கொஞ்ச நாள் என்றால் வருஷக்கணக்கு. வாரத்துக்கொரு தடவை மேலே இருப்பதைக் கீழே, கீழே இருப்பதை மேலே மாற்றுவாள். ஒவ்வொன்றையும் காதருகே வைத்து மெல்ல உருட்டிப் பார்ப்பாள். நொறுங்குகிற சத்தம் வந்தால் இலை காய்ந்துவிட்டது என்று அர்த்தம். வராவிட்டால் முகத்தில் அப்படி ஒரு திருப்தி வரும். வெயில் தாழ்ந்ததும் பால்கனியில் உட்கார்ந்து ஒன்றே ஒன்று பிடிப்பாள். அவசரமே இருக்காது. சாம்பல் விரல் நீளத்துக்கு வளர்ந்து, விழாமல் அப்படியே நிற்கும். பக்கத்தில் காபிக் கோப்பையோடு உட்கார்ந்து நிவால்தோ அதைப் பார்த்துக்கொண்டே இருப்பான். அவன் நெஞ்சுக்குப் புகை ஆகாது, ஒரு இழுப்புக்கே இருமித் தீர்த்துவிடுவான். ஆனால் அந்தச் சாம்பலும் அவள் மணிக்கட்டும் அவனுக்கு வேண்டியிருந்தன. இந்த மனுஷி இல்லாமல் இனிச் சாயங்காலம் என்று ஒன்று இல்லை என்று அவனுக்குப் பட்டுவிட்டது. கேட்டே விட்டான்.

“நாம ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருந்தா என்ன, லியோனோர்?”

அவள் புகையை விட்டுவிட்டுத்தான் பதில் சொன்னாள். “தங்கச்சியப் பாக்க சியென்ஃபுயேகோஸ் போறேன். வந்து சொல்றேன்.”

“சரியா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்? நீங்க சுத்தி வளைச்சுப் பேசுவீங்களே” என்றான் நிவால்தோ.

அவள் எழுந்துபோய் ஃபிரிட்ஜைத் திறந்தாள். கதவின் உள்பக்கத்தில் வெண்ணெய் வைக்க ஒரு சின்ன அறை, அதற்கொரு மூடி. உள்ளே மஞ்சள் நாடா கட்டிய ஒரு சின்னக் கட்டு இருந்தது. தொர்குவாத்தோவின் கை முதன்முதலாகப் பக்குவப்பட்ட வருஷம் அவன் உருட்டியவை. தன் மகள் கல்யாணத்தன்று அதில் ஒன்றைப் பற்றவைத்தாள். உர்பானோவை அடக்கம் செய்துவிட்டு வந்த சாயங்காலம் ஒன்று. வேறு எதற்கும் அவள் அதைத் தொட்டதில்லை.

“சரின்னா இதுல ஒண்ணப் பத்தவைப்பேன். இல்லேன்னா நீ காபியக் குடிச்சிட்டுக் கெளம்பலாம்” என்றாள். சாவியை அவன் கையில் வைத்தாள். “பஞ்சு காயாமப் பாத்துக்கோய்யா. அவ்வளவுதான் உன் வேலை. வேற எதையும் தொடாதே.”

தொடாதே என்று ஒரு ஃபிரிட்ஜ் மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டு அவள் பஸ் ஏறிவிட்டாள்.

முதல் நாள் பஞ்சை நனைத்துவிட்டுக் கிளம்பத்தான் பார்த்தான் நிவால்தோ. கதவைச் சாத்தியவன் திரும்பவும் திறந்தான். பாவம், எப்பேர்ப்பட்ட பொக்கிஷத்தைப் பிணத்துக்குள் வைத்திருக்கிறாள் என்று தோன்றியது. ரிப்பேர் பார்க்க ஆள் இல்லாததால்தானே இப்படி? கீரை ஒரு இலை. புகையிலையும் ஒரு இலை. கீரை குளிரில் வாடாமல் இருக்கிறது என்றால் புகையிலை மட்டும் என்ன பாவம் செய்தது? அவள் திரும்பி வந்து கதவைத் திறக்கும்போது சில்லென்று முகத்தில் அடிக்க வேண்டும். அதற்கப்புறம் அவள் வாயில் மறுப்பு எப்படி வரும்?

வீட்டுக்குப் போய்த் தன் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். மோட்டாரைக் கழற்றி மாட்டினான், கேஸ் அடைத்தான், உறுமாமல் இருக்க அடியில் புது ரப்பர் கொடுத்தான். ஃபிரிட்ஜ் பூனைபோல முனகிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. அவனுக்கு ஆனந்தத்தில் கண் கலங்கியது. செர்ரோவில் கரண்ட் போகாத வாரம் என்று ஒன்று உண்டா? அந்த வாரம் உண்டு. ஒரு நிமிஷம்கூடப் போகவில்லை. போயிருந்தால் கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும்.

வாரக் கடைசியில் தொர்குவாத்தோ புதுச் சுருட்டுகளோடு வந்தான். வாசலிலேயே நின்றுவிட்டான்.

“என்ன சத்தம் அது?”

“உர்பானோதான்” என்றான் நிவால்தோ. சிரிப்பு காது வரை போயிற்று. “எழுப்பிட்டேன்!”

தொர்குவாத்தோ கையிலிருந்ததைக் கீழே போட்டுவிட்டு ஓடினான். கதவைத் திறந்து ஒரு சுருட்டை எடுத்துக் காதருகே உருட்டினான். அப்பளம் நொறுங்குகிற மாதிரி சத்தம் கேட்டது. இன்னொன்றை எடுத்தான். அதன் மேலே சுற்றியிருந்த மேலிலை நீளவாக்கில் வெடித்து உரிந்தது.

“அட பாவி மச்சான்! கொன்னுட்டியே!”

“குளுகுளுன்னுதானே இருக்கு…”

“குளிரா? இங்க பாரு.” மேல்தட்டைச் சுற்றி வெள்ளையாக உறைந்திருந்ததை விரலால் சுரண்டிக் காட்டினான் தொர்குவாத்தோ. “இது என்னன்னு நெனச்சே? ஐஸா? இது அக்காவோட சுருட்டுய்யா. அதுங்க உடம்புல இருந்த ஈரமெல்லாம் இங்க வந்து ஒட்டியிருக்கு. உன் மெஷின் அத்தனையும் உறிஞ்சிருச்சு.”

ஐஸ் எங்கிருந்து வருகிறது என்று செர்ரோவுக்கே பாடம் எடுப்பவன் நிவால்தோ. அவனே இதை யோசிக்கவில்லை. போய்ப் பிளக்கைப் பிடுங்கினான். முனகல் நின்றது. வெண்ணெய் அறையின் மூடியைத் திறந்தான். மஞ்சள் நாடா தொளதொளவென்று இருந்தது. உள்ளே இருந்தவை சுருங்கியிருந்தன.

“தண்ணி தெளிச்சா?”

“தெளிச்சா வீங்கி வெடிச்சிரும். மெதுவா, மாசக்கணக்குல, அதுவா குடிக்கணும். அக்கா நாளைக்கு வருது.” தொர்குவாத்தோ தலையைச் சொறிந்தான். அக்கா போட்ட நிபந்தனை அவனுக்கும் தெரியும். அவன் நல்லவன், மச்சான் உறவு கைநழுவிப் போவதை அவனும் விரும்பவில்லை. “ஒண்ணு பண்ணலாம். எங்கிட்ட இதே நீளத்துல பழசு கொஞ்சம் இருக்கு. மஞ்சள் நாடாவ அதுல கட்டி வச்சிரலாம். பத்தவச்சாத்தான் தெரியும். பத்தவச்சுட்டா சரின்னு சொன்ன மாதிரிதானே?”

நிவால்தோவுக்கு ஆசையாகத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் அதுதான் பொய். நாடாவை அவிழ்த்து விரலில் சுற்றிக்கொண்டான்.

“வேண்டாம்டா. இந்த வீட்டுக்குள்ள வந்து இருக்கப்போறேன்னா, கதவத் தெறக்கும்போதெல்லாம் அது என்னைப் பாத்துச் சிரிக்கும்.”

“அப்ப வீட்டுக்குள்ளயே வர மாட்டே.”

“வரலைன்னாப் போகுது” என்றான். நாடாவைச் சுருங்கிய கட்டிலேயே திரும்பக் கட்டினான்.

தொர்குவாத்தோ போனபின் மோட்டாரைக் கழற்றிப் பெட்டியில் போட்டான். பிறகு ஒரு கரண்டியை எடுத்து, மேல்தட்டில் இருந்த வெள்ளையை ஒரு துளி வீணாகாமல் சுரண்டி ஒரு தம்ளரில் சேர்த்தான். அது உருகும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் மத்தியானம் லியோனோர் வந்தாள். கையில் தங்கை கொடுத்துவிட்ட கொய்யா மிட்டாய். நிவால்தோ முகத்தைப் பார்த்ததும் மிட்டாயை மேஜையில் வைத்தாள்.

“யார் செத்தது?”

“உர்பானோ” என்றான் அவன். “நான்தான் எழுப்பினேன். அப்புறம் நான்தான் திரும்பக் கொன்னேன். நடுவுல உங்க சுருட்டெல்லாம்…”

எல்லாவற்றையும் சொன்னான், கீரைக் கதையைக்கூட விடவில்லை. அவள் ஃபிரிட்ஜைத் திறந்தாள். ஒவ்வொன்றாய் எடுத்துக் காதருகே உருட்டினாள். நொறுங்கல் சத்தம் கேட்கக் கேட்க நிவால்தோவுக்கு யாரோ விரல் எலும்பை முறிப்பது போலிருந்தது. அவள் கண்ணில் நீர் கட்டியது.

“தொடாதேன்னு சொன்னேனா இல்லையா?”

“சொன்னீங்க.”

“முப்பது வருஷமா இந்த சனியன் உறுமிக்கிட்டே இருந்துச்சு. உர்பானோ இந்தா பாக்கறேன், அந்தா பாக்கறேன்னு சொல்லிச் சொல்லியே போய்ச் சேந்தான். வீட்டுல ஒரு ஓரம் அமைதியா இருக்கட்டும்னுதான்யா இத ஓட விடல. உனக்கு எங்க புரியும்!” என்று கத்தினாள். “கீரையாம் கீரை! உன் மண்டைக்குள்ளதான் கீரை!”

கத்தி முடித்துவிட்டு அவள் அடியில் இருந்த தம்ளரை எடுத்தாள். பஞ்சை நனைக்கப் போனவள் மோந்து பார்த்தாள். தண்ணீர் லேசாகக் கலங்கியிருந்தது, புகையிலை வாசனை அடித்தது.

“இது என்ன தண்ணி? குழாய்த் தண்ணி இல்லையே?”

நிவால்தோ தயங்கினான். “மேல ஐஸா ஒட்டியிருந்ததச் சுரண்டி எடுத்தேன். அதுங்ககிட்டேருந்து வந்த தண்ணிதானே. வேற தண்ணிய வைக்க மனசு வரல. அதுங்களோடதையே அதுங்களுக்குத் திருப்பிக் குடுத்துரலாம்னு…”

லியோனோர் தம்ளரைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். மறுபடி தம்ளரைப் பார்த்தாள். மெதுவாக அதை இருந்த இடத்திலேயே வைத்தாள்.

“பஸ்ஸுல வரும்போது வேண்டாம்னு சொல்றதாத்தான் வந்தேன்” என்றாள். “தங்கச்சி சொன்னா, இந்த வயசுல ஆம்பளைன்னா துவைக்க இன்னும் நாலு சட்டை, அவ்வளவுதான்னு. எனக்கும் அது சரியாத்தான் பட்டுச்சு.”

“சரிதான்” என்றான் நிவால்தோ. மூலையில் இருந்த தன் பெட்டியை எடுத்துக்கொண்டான். காபியைக்கூட அவன் கேட்கவில்லை.

கதவுக்குப் போனவனுக்குப் பின்னால் ஒரு சின்னச் சத்தம் கேட்டது. அது எந்த மூடியின் சத்தம் என்று அவனுக்குத் தெரியும். அந்த வாரம் அதை அவனே எண்ணெய் போட்டுத் துடைத்திருந்தான்.

லியோனோர் மஞ்சள் நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். இருந்ததில் கொஞ்சமாவது ஒழுங்காக இருந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். எடுக்கும்போதே மேலிலை விரிந்தது. நாக்கால் தடவி ஒட்டினாள், ஒட்டவில்லை.

“அது கெட்டுப்போச்சு லியோனோர்! வேண்டாம். தம்பி கொண்டாந்தது புதுசா இருக்கு, அதுல ஒண்ணு…”

“சரின்னா இதுலதான் பத்தவைப்பேன்னு சொன்னேன். வேற எதுலயோ பத்தவைப்பேன்னு சொன்னேனா? அந்தப் பெட்டியக் கீழ வைய்யா. வச்சிட்டு இங்க வந்து இதப் பிடி, பிரிஞ்சுகிட்டுப் போகுது.”

இருவரும் பால்கனியில் உட்கார்ந்தார்கள். அவள் வாயில் சுருட்டு, அதன் வெடிப்பின் மேல் அவன் விரல். தீக்குச்சி பட்டதும் காய்ந்த சருகாகப் பற்றிக்கொண்டது. சாம்பல் நிற்கவேயில்லை, அவள் மடியெல்லாம் உதிர்ந்தது. விரல் சுட்டது. நிவால்தோ விரலை எடுக்கவில்லை. புகை மூக்கில் ஏறி இருமினான், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அதில் பாதி புகையால் வந்தது.

“எப்படி இருக்கு?” என்று கேட்டான்.

“கண்றாவியா இருக்கு” என்றாள் லியோனோர், இன்னொரு இழுப்பு இழுத்துக்கொண்டே.