முதலில் மணி அடிப்பவர்

மதுரையில் சைக்கிள் வைத்திருப்பவர்கள் லட்சம் பேர் இருக்கலாம். சைக்கிளில் போகத் தெரிந்தவர்கள் பத்துப் பேர் தேறினால் அதிகம். அந்தப் பத்துப் பேரில் நானும் ஒருவன் என்று சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. இருபத்திரண்டு வருடமாகப் பரவையிலிருந்து காலை ஐந்தரைக்குக் கிளம்பி, மீனாட்சி கோயிலில் தரிசனம் முடித்து, இட்லி சாப்பிட்டு, பத்து மணி ஆபீசுக்கு ஒன்பதே முக்காலுக்கே போய் உட்காருகிறவன் நான். பெயர் அனந்தபத்மநாபன். என் வண்டி கறுப்பு நிறம், இருபத்துநாலு அங்குலம். செயின் பெட்டி, டைனமோ, ஸ்டாண்டு, கேரியர், மணி எல்லாம் வைத்தது. வலது கால் பேண்ட்டுக்குக் கிளிப் மாட்டாமல் நான் பெடலைத் தொட்டதில்லை. செயின் பெட்டி இருக்கும்போது கிளிப் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்வதும் இல்லை.

மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் ஒரு நாள் போதாது. பால்காரர்களுக்கு இரண்டு பக்கமும் கேனைத் தொங்கவிட்டதுமே ரோடு பட்டா போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடுகிறது. டியூஷன் பிள்ளைகள் மூன்று வண்டியை வரிசையாக ஓட்டிக்கொண்டு, ஒருத்தன் தோளில் ஒருத்தன் கை போட்டுக்கொண்டு, பின்னால் பஸ் அலறுவதுகூடக் கேட்காமல் போவார்கள். பேப்பர் போடுகிறவர்களுக்கு இடது வலது என்ற பேதமே கிடையாது. டபுள்ஸ் போகிற தம்பதிகளில் புருஷன் மிதிப்பான், பெண்டாட்டி பின்னால் உட்கார்ந்து அவனுக்கு சைக்கிள் ஓட்டச் சொல்லிக் கொடுப்பாள். இவர்கள் எல்லாருக்கும் நடுவில்தான் நான் தினமும் எட்டு மைல் போய்வர வேண்டியிருந்தது.

எங்கள் ரோட்டில் ஒரு முறை உண்டு. தெரிந்தவர்கள் எதிர்ப்பட்டாலும் சரி, பின்னால் வந்து சேர்ந்தாலும் சரி, சின்னவர் முதலில் மணி அடிக்க வேண்டும். முப்பதடி தூரத்தில், ஒரே ஒரு தடவை. பெரியவர் பதிலுக்கு ஒரு தடவை அடிப்பார். இரண்டு தடவை அடிப்பது ஆடு மாட்டுக்கு. இருபத்திரண்டு வருடத்தில் என்னைவிடச் சின்னவர் யாருக்கும் நான் முதலில் மணி அடித்ததில்லை.

இதை ஏதோ வீம்பு என்று நினைக்க வேண்டாம். ஆபீசில் எனக்குப் பின்னால் சேர்ந்த மூன்று பேர் என்னைத் தாண்டிக்கொண்டு சூப்பரண்டு ஆகிவிட்டார்கள். அதில் ஒருத்தனுக்கு நோட் எழுதச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான். அவன் உள்ளே வந்தால் இன்றைக்கும் எழுந்து நிற்கிறேன். ரோட்டில் மட்டும்தான் என் மரியாதை வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது.

அந்த ரோட்டில் தினமும் பார்க்கிற இன்னொரு ஆள் பேயாண்டி. சோழவந்தானிலிருந்து வெற்றிலைக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு மதுரை மார்க்கெட்டுக்கு மிதிப்பவன். தண்ணீர் தெளித்த கட்டு, வாழைமட்டை, ஈரச் சாக்கு எல்லாம் சேர்ந்து ஆள் உயரத்துக்கு இருக்கும். முன்னாலிருந்து பார்த்தால் பேயாண்டி தெரிவான், பின்னாலிருந்து பார்த்தால் சாக்கு மட்டும் தெரியும். அவன் வண்டி எண்ணெயைக் கண்டு எத்தனை வருடம் ஆனதோ, அரை பர்லாங் தூரத்திலிருந்தே கிரீச் கிரீச் என்று கேட்கும். இரண்டு கையாலும் ஹேண்டில்பாரைப் பிடித்தாக வேண்டும் என்பதால் அவனால் மணி அடிக்க முடியாது. "கும்புடுறேன் சாமி" என்பான். நான் அதை மணியாக ஏற்றுக்கொண்டிருந்தேன்.

ஊருக்குள் நுழைவதற்கு முன் ஒரு மேம்பாலம் வரும். சுமை வண்டிக்காரர்களுக்கு அதுதான் கண்டம். நடுவில் கால் ஊன்றிவிட்டால் மறுபடி ஏறி மிதிக்க முடியாது, சுமையை இறக்கித்தான் ஆக வேண்டும். அதனால் அவர்களுக்குள் ஒரு பழக்கம் இருந்தது. பின்னால் வருகிறவன் ஒரு கையை முன்னால் போகிறவனின் சுமையில் வைத்துத் தள்ளிவிடுவான். கை கொடுப்பது என்று அதற்குப் பெயர். கை கேட்கக் கூடாது. கொடுத்தவன் சொல்லிக் காட்டக் கூடாது. வாங்கிக்கொள்கிறவன் திரும்பிப் பார்க்கக் கூடாது, அப்புறமும் அதைப் பற்றிப் பேசக் கூடாது. நல்ல பழக்கம்தான். ஆனால் அது சுமைக்காரர்களுக்குள் இருக்கிற ஏற்பாடு என்று நான் வைத்திருந்தேன். பேயாண்டி பாலத்தில் திணறும்போது வலது பக்கமாக ஒதுங்கி, அவனுக்கு இடைஞ்சல் இல்லாமல் தாண்டிப் போய்விடுவேன்.

இரண்டாயிரத்து ஒன்றாம் வருடம் இந்த ரோட்டில் கார்த்திகேஷ் முளைத்தான். தெற்கு மாசி வீதிப் பக்கம் ஜவுளிக்கடை வைத்திருக்கும் சௌராஷ்டிரக் குடும்பத்துப் பிள்ளை, இருபத்தேழு வயது. விடியும் முன் சமயநல்லூர் வரை போய்விட்டு, நாங்கள் ஊருக்குள் போகிற நேரத்துக்குத் திரும்பி வருவான். உடம்புக்காக ஓட்டுகிறானாம். வண்டி மஞ்சள் கலர், ஏழு கியர். மட்கார்டு இல்லை, ஸ்டாண்டு இல்லை, கேரியர் இல்லை, செயின் பெட்டி இல்லை. இல்லாததற்கெல்லாம் சேர்த்து என் வண்டியைப்போல் ஆறு மடங்கு விலை கொடுத்திருந்தான். தலையில் தர்பூசணியைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்த மாதிரி ஒரு தொப்பி. மழை பெய்த மறுநாள் அவன் முதுகில் சேறு நெடுக ஒரு கோடு போட்டிருக்கும், அதோடு டீக்கடையில் வந்து வெட்கமில்லாமல் நிற்பான்.

அவன் வண்டியில் மணியும் இல்லை. முதல் நாள் என்னைப் பார்த்துக் கையைத் தூக்கி "ஹாய் சார்" என்றான். நான் என் மணியைத் தொடாமல் தாண்டிப் போனேன்.

பாலம் இறங்கியதும் மதுரைப் பக்கத்தில் செல்லத்தாய் டீக்கடை இருக்கிறது. அங்கே வைத்துத்தான் ஒருநாள் பேயாண்டி அவனுக்குக் கை கொடுக்கும் பழக்கத்தைச் சொன்னான். கார்த்திகேஷ் ஏதோ அதிசயத்தைக் கேட்ட மாதிரி கேட்டான்.

"திரும்பியே பாக்கக் கூடாதாண்ணே? அப்ப யாரு கை கொடுத்தாங்கன்னு எப்பிடித் தெரியும்?"

"எதுக்குத் தம்பி தெரியணும்? பாலம் ஏறுனாச் சரி."

மறுநாளே அவன் பேயாண்டியின் சாக்கில் ஒரு கை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தான். பொழுதுபோகாதவனுக்கு ஒரு விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு அவர்கள் இரண்டு பேரையும் தாண்டிப் போனேன்.

போட்டி வந்தது அந்த மாதக் கடைசியில். டீ குடித்துக்கொண்டே, "சார், இந்த ஏழு கியருல யானைய வச்சாலும் பாலத்துல ஏத்திருவேன்" என்றான்.

"கேரியரே இல்லை. யானையை எங்கே உட்கார வைப்பே, உன் தொப்பியிலா?" என்றேன்.

செல்லத்தாய் சிரித்த சிரிப்பில் டீ வடிகட்டி கீழே விழுந்தது. கார்த்திகேஷும் சிரித்தான், ஆனால் காது சிவந்துவிட்டது. "கேரியர் மாட்டிட்டு வாரேன் சார். நீங்களும் சுமை வைங்க. பாத்துருவோம்" என்றான்.

டவுனில் இருக்கும் என் தங்கை வீட்டு வளைகாப்புக்குப் பரவையிலிருந்து நூறு கிலோ அரிசி போக வேண்டியிருந்தது. ஆளுக்கு ஐம்பது கிலோ என்று பேசிக்கொண்டோம். பாலத்தின் அடியிலிருந்து உச்சி வரை கால் ஊன்றக் கூடாது. அவன் தோற்றால் வண்டியில் மணி மாட்டி, என்னை எங்கே பார்த்தாலும் முதலில் அடிக்க வேண்டும். நான் தோற்றால் நான் முதலில் அடிக்க வேண்டும், அதுவும் ஆயுசு முழுக்க. சரி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. என் மகன் வயதுக்காரனுக்கு நான் முதலில் மணி அடிப்பதா? ஐம்பத்திரண்டு வயதில் எனக்கென்று மிச்சம் இருந்தது அந்த ஒன்றுதான். அதையும் ஒரு டீக்கடைப் பேச்சில் பணயம் வைத்துவிட்டு வந்திருந்தேன்.

வியாழக்கிழமை காலை, ஆறு மணி. அவன் முன்னால் கிளம்பினான். புதுக் கேரியர், அதன் மேல் அரிசி மூட்டை. கியரை மாற்றி மாற்றிக் கடகடவென்று மிதித்தான். பாதிப் பாலத்தில் செயின் கழன்றது. கால் ஊன்றினான். செயின் பெட்டி இல்லாதவன் கதி என்னவென்று ஊருக்கே காட்டினான். குனிந்து செயினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவனை நான் தாண்டினேன்.

"நான் போய் டீ சொல்லி வைக்கிறேன். நீ மெதுவா வா" என்றேன்.

சொன்னதற்கு அப்புறம் முப்பதடி போயிருப்பேன். தொடை இரண்டும் கல்லாகிவிட்டது. முன்சக்கரம் ஆட ஆரம்பித்தது. உச்சிக்கு இன்னும் நாலு விளக்குக் கம்பம் இருந்தது. பெடல் கீழே போக மறுத்தது, வலது கால் தானாகவே தரையைத் தேடியது. அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

அந்த நேரத்தில் பின்னால் பளு குறைந்தது.

மூட்டையில் ஒரு கை இருப்பது இடுப்பிலேயே தெரிந்தது. அது பேயாண்டி வருகிற நேரம். கிரீச் சத்தம் கேட்கவில்லை, ஒருவழியாக எண்ணெய் போட்டிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். கையை எடு என்று கத்தியிருக்கலாம். நியாயமாக அதைத்தான் செய்திருக்க வேண்டும். கை கொடுக்கிறவனிடம் பேசுவது முறையில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு மிதித்தேன். உண்மை என்னவென்றால் எனக்கு ஜெயிக்க வேண்டியிருந்தது. உச்சிக்கு ஒரு கஜம் முன்னால் கை விலகியது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

டீக்கடையிலிருந்து பார்த்தால் பாலத்தின் உச்சி மட்டும்தான் தெரியும். "சாமி கால் ஊணாம வந்துட்டாக!" என்று செல்லத்தாய் கை தட்டினாள். கார்த்திகேஷ் வர பத்து நிமிஷம் ஆனது. வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான், சட்டை தொப்பலாக நனைந்து, மூச்சு இரைக்க, கையெல்லாம் கிரீஸ். பாதிப் பாலம் தள்ளுவதற்கே இந்தப் பாடா என்று எனக்கு இளப்பமாக இருந்தது.

"தோத்துட்டேன் சார்" என்றான்.

பேயாண்டி டீக்கடையில் நிற்கவில்லை. நான் மூட்டையைச் சரிசெய்து கட்டிக்கொண்டிருந்தபோது தாண்டிப் போயிருப்பான், காட்டிக்கொடுக்க வேண்டாம் என்று நழுவியிருப்பான் என்று நினைத்தேன். வெற்றிலைக்காரனுக்கு இவ்வளவு நாசூக்கு இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தங்கை வீட்டில் மூட்டையை இறக்கும்போது அவள், "என்னண்ணா இது, சாக்குல யாரோ அஞ்சு விரலும் பதியக் கரியைத் தடவியிருக்கா?" என்றாள். அரிசிக் கடைக்காரர்களின் சுத்தத்தைப் பற்றி அவளுக்கு ஒரு பிரசங்கம் செய்துவிட்டு வந்தேன்.

மறுநாளிலிருந்து கார்த்திகேஷ் வண்டியில் பளபளவென்று ஒரு மணி. முப்பதடி தூரத்தில், ஒரே ஒரு தடவை. குறை சொல்ல இடமில்லாமல் அடித்தான். நான் பெரிய மனது பண்ணிப் பதில் மணி கொடுத்தேன். அந்தப் பத்து நாளும் ஆபீசில் சூப்பரண்டு வந்தபோது எழுந்து நிற்பதுகூட எனக்குக் கஷ்டமாக இல்லை.

பத்து நாள் கழித்துத்தான் பேயாண்டி டீக்கடையில் தட்டுப்பட்டான். இத்தனை நாள் என் கண்ணில் படாமல் இருந்தானே, அவனுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது. பேசக் கூடாதுதான். ஆனாலும் ஒரு டீயும் பன்னும் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அன்னிக்கு நீ பண்ணினதை நான் மறக்கலை" என்றேன்.

"என்னைக்குச் சாமி?"

"அந்த வியாழக்கிழமை. பாலத்துல."

அவன் விழித்தான். "நான் எங்க சாமி இருந்தேன்? மகளுக்குப் பிரசவம்னு புதன்கிழமையே மேலூர் போயிட்டேன். பேரன் பொறந்துருக்கான். நேத்து ராத்திரிதான் வந்தேன். சைக்கிளத் தொட்டே பத்து நாள் ஆச்சு."

"ஆமா சாமி, அன்னைக்கு அண்ணே வரலையே" என்றாள் செல்லத்தாய் பன்னை நீட்டிக்கொண்டே.

அன்றைக்குப் பாலத்தில் என்னைத் தவிர இருந்தது ஒரே ஒரு ஆள். அவன் கையில் கிரீஸ் இருந்தது. மூட்டையில் ஐந்து விரலும் இருந்தது. வண்டியையும் அரிசியையும் பாலச் சுவரில் சாய்த்துவிட்டு ஓடிவந்து என்னை ஏற்றிவிட்டு, திரும்ப இறங்கிப் போய், செயினை மாட்டி, வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து என் எதிரில் நின்று "தோத்துட்டேன்" என்று சொல்லியிருக்கிறான். அவனைப் போய் நான் இளப்பமாக நினைத்தேன்.

மறுநாள் காலை மஞ்சள் வண்டி கண்ணில் பட்டதும், ஐம்பதடியிலேயே நான் முந்திக்கொண்டு மணி அடித்தேன்.

அவன் பிரேக் பிடித்து நின்றான். "என்ன சார் இது? தோத்தது நான்ல?"

என்ன சொல்வது? கை கொடுத்ததைப் பற்றிப் பேசக் கூடாது. அவன் பேசவில்லை, இனியும் பேசமாட்டான். முறை தெரிந்த பத்துப் பேரில் ஒருவன் என்று இருபத்திரண்டு வருடம் பீற்றிக்கொண்டவன் நான்.

"கை தவறிப் பட்டுடுத்து" என்றேன்.

"அதானே பாத்தேன்" என்று சொல்லிவிட்டு, வண்டியை முப்பதடி பின்னால் தள்ளிக்கொண்டு போய், மறுபடி ஏறி வந்து, ஒரே ஒரு தடவை மணி அடித்தான்.

இப்போது பாலத்தில் பேயாண்டியின் சாக்கில் நானும் கை வைக்கிறேன். கார்த்திகேஷ் வராத நாட்களில்கூட வைக்கிறேன். பேயாண்டி திரும்பிப் பார்ப்பதில்லை. "இப்பல்லாம் பாலம் ஏறுறதே தெரிய மாட்டேங்குது" என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டே கார்த்திகேஷைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறான். நானும் கூடச் சேர்ந்து தலையை ஆட்டுகிறேன்.

கார்த்திகேஷ் தினமும் முதலில் மணி அடிக்கிறான். நான் பதிலுக்கு அடிக்கிறேன். கட்டைவிரல் மணிக்குப் போகும்போதெல்லாம் அந்தச் சாக்கில் இருந்த ஐந்து விரலும் எனக்கு ஞாபகம் வந்துவிடுகிறது.