நீலப் புள்ளி

காலை ஆறு நாற்பதுக்கு, வாவியைக் கடக்கும் படகுப்பாதை ஆட்களை ஏற்றிக்கொண்டு படுவான்கரையை விட்டது. இரத்தினம்மா சீலைப் பையை மடியில் வைத்திருந்தாள். பையில் வெற்றிலை, மகள் சீதேவியின் சாதகக் குறிப்பு, கணவனின் ஈசிஜி படம். கொப்பி இல்லை. அதை வீட்டில் அரிசி வாளிக்குள் புதைத்துவிட்டு வந்திருந்தாள்.

அது கிளினிக் கொப்பி. நாற்பது பக்கம். அட்டையில் கணவன் கதிர்காமத்தம்பியின் பெயர், வயது நாற்பத்தாறு, அதன் கீழே மனநோய்ப் பிரிவின் ஊதா முத்திரை, மூன்று மொழியிலும்.

கதிர்காமத்தம்பிக்கு வருத்தம் வந்தது வெடிச்சத்தம் கேட்காத ஒரு நாளில். ஷெல் விழுந்த நாட்களில் பதுங்குகுழிக்குள் இருந்து பகிடி விட்டுச் சிரித்த மனிதன் அவன். அன்றைக்கு வயல் வட்டையில் வரம்பு கட்டிக்கொண்டு நின்றவன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சேற்றில் குந்திவிட்டான். சாகப்போகிறேன் என்றான். கால் மணித்தியாலத்தில் எழும்பினான். அடுத்த கிழமை சோற்றுக் கோப்பைக்கு முன்னால் வந்தது. பிறகு கோயிலில். ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள். நெஞ்சில் ஒரு பழுதும் இல்லை என்று சொல்லி, நடைபாதையின் கடைசி அறைக்கு அனுப்பினார்கள்.

கடைசி அறையில் இருந்த டொக்டர் இளம் ஆள். கடதாசியில் ஒரு மூளையைக் கீறி, அடித்தண்டில் பேனையால் குத்தினார்.

"இதில நீல நிறத்தில ஒரு சின்னப் புள்ளி இருக்கு ஐயா. ஆபத்து வந்தா மணி அடிக்கிறது இதுதான். நொரட்ரினலின் எண்டொரு இரசாயனத்தை மூளை முழுக்க அனுப்பும். நெஞ்சு அடிக்கும், வேர்க்கும், கை நடுங்கும். எல்லாருக்கும் உள்ளதுதான். உங்களுக்கு ஆபத்து இல்லாத நேரத்திலயும் அடிக்குது."

"ஆபத்து இல்லாத நேரம் இஞ்ச எது ஐயா?" என்று கேட்டான் கதிர்காமத்தம்பி.

டொக்டர் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "காவல் சென்றியில நிக்கிறவன் ஆள் வராமலே வெடி வைக்கிறான் எண்டு வைங்க. அவனை அடக்கி வைக்கிறதுக்குச் செரட்டோனின் எண்டு இன்னொரு சாமான் வேணும். இந்தக் குளிசை ரெண்டையும் ஒரு நிலைக்குக் கொண்டு வரும். உடன கேக்காது, மூண்டு நாலு கிழமை செல்லும். காத்தோட்டம் இல்லாத இடத்தில மட்டும் நிக்காதீங்க. மத்த ஆக்கள் விட்ட மூச்சையே திருப்பி இழுத்தா, மூச்சு அடைக்கப்போகுது எண்டு அந்தப் புள்ளி நம்பிடும்."

"விசரா ஐயா இது, பைத்தியமா?" என்று கேட்டாள் இரத்தினம்மா.

"இல்ல அம்மா. சீனி வருத்தம் மாதிரி இதுவும் ஒரு வருத்தம்."

சீனி வருத்தக்காரருக்கு ஊதா முத்திரை குத்துவதில்லை.

எழுவான்கரை இறங்குதுறையில் ஆமியின் சோதனைச்சாவடி. பெண்களின் பையைக் கிளறிப் பார்த்துவிட்டுப் போக விடுவார்கள். ஆண்களைத் தகரக் கொட்டிலுக்குள் அடைத்து, பெயர் கூப்பிடும்வரை வைத்திருப்பார்கள். கொட்டிலுக்கு ஒரு கதவு. யன்னல் இல்லை. மாதாமாதம் கிளினிக்குக்குப் போகும்போது அங்கே நின்ற கோப்ரல் கொப்பியை விரிப்பான், முத்திரையைப் பார்ப்பான், வாய்விட்டுச் சிரிப்பான். "பிஸ்ஸு! பிஸ்ஸு ஐயா!" பிறகு கதிர்காமத்தம்பியைக் கொட்டிலுக்குள் அனுப்பாமல் வேப்பமரத்தடியில் இருக்க விடுவான். வரிசையில் நிற்கும் சனமும் சிரிக்கும். சிங்களம் தெரியாதவர்களுக்கும் பிஸ்ஸு என்றால் விசர் என்று தெரியும்.

இன்றைக்கு அந்த வரிசையில் ஆச்சிப்பிள்ளை நிற்பாள். கதிர்காமத்தம்பியின் ஒன்றுவிட்ட தங்கச்சி. புளியந்தீவு மாப்பிள்ளையைச் சீதேவிக்குக் கொண்டுவந்தது அவள்தான். அவளும் இரத்தினம்மாவும் கதிர்காமத்தம்பியும் போவது அந்த வீட்டோடு பேசி முடிக்க.

"மச்சாள், அண்ணனுக்கு என்னமோ வருத்தமாம் எண்டு அவங்க கேட்டாங்ககா," என்றாள் ஆச்சிப்பிள்ளை, பாதை நடுவாவியைத் தாண்டும்போது.

"நெஞ்சில கொஞ்சம். இப்ப சுகம்."

"நெஞ்செண்டா பறவாயில்ல. குடி வம்சம் தாய்வழியால மட்டும்தான் வரும். விசர் ரெண்டு வழியாலயும் வரும் எண்டு மாப்பிள்ளட தாய் சொன்னா. சரியான வாய்க்காரி."

இரத்தினம்மா சிரித்து வைத்தாள். குளிசை தொடங்கி ஆறு மாதம். இந்த நாலு மாதமாக ஒன்றும் வரவில்லை. ஒரு நாள்தானே என்று நினைத்தாள்.

கோப்ரல் லீவில் போயிருந்தான். அவன் இடத்தில் நின்றவன் யாரையும் பார்க்கவில்லை. கையால் கொட்டிலைக் காட்டினான். பத்தொன்பது ஆண்கள் உள்ளே போனார்கள். கதிர்காமத்தம்பி கதவடியில் திரும்பி அவளுடைய பையைப் பார்த்தான். அவள் வாவியைப் பார்த்தாள்.

வெயில் ஏறியது. ஒன்பது மணிக்குக் கொட்டிலுக்குள் தகரம் அதிர்ந்தது. யாரோ உள்ளிருந்து கதவில் அடித்தார்கள். திறந்தபோது கதிர்காமத்தம்பி வெளியே விழுந்தான். வேர்வையில் சேட்டு உடம்போடு ஒட்டிப்போயிருந்தது. கரையில் போட்ட மீன்போல வாய் திறந்து மூடியது. இரண்டு கையும் நடுங்கின.

"ஏன் வேர்க்குது?" என்றான் சத்தம் கேட்டு வந்த ஆமி அதிகாரி. அவனுக்குக் கொஞ்சம் தமிழ் வரும். "பதினெட்டுப் பேர் சும்மா நிக்கிறாங்க. நீ ஏன் ஓடுறது?"

இரத்தினம்மா ஓடினாள். "ஹார்ட் வருத்தம் ஐயா! இஞ்ச படம் இருக்கு!"

அதிகாரி படத்தைச் சாவடியில் இருந்த ஆமி வைத்தியனிடம் கொடுத்தான். அவன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். கதிர்காமத்தம்பியின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டான். இரண்டு சொல் சொன்னான்.

"ஹார்ட் நல்லம்," என்றான் அதிகாரி. "நீ பொய் சொல்றது."

அப்போதுதான் அவள் கத்தினாள். வரிசை முழுவதும் கேட்கக் கத்தினாள். "பிஸ்ஸு ஐயா! அவருக்குப் பிஸ்ஸு! மூளையில வருத்தம்! குளிசை குடிக்கிறவர்!"

"கிளினிக் புத்தகம்?"

"வீட்ட இருக்கு ஐயா. எடுத்திட்டு வாறன்."

"முதல் ஹார்ட். இப்ப பிஸ்ஸு." அவன் வரிசையைப் பார்த்தான். ஆச்சிப்பிள்ளையைக் கைகாட்டிக் கூப்பிட்டான். "நீ அவங்கட ஆள்? இவனுக்குப் பிஸ்ஸா?"

ஆச்சிப்பிள்ளை ஊர்ச்சனத்தைப் பார்த்தாள். முந்தானையை இழுத்துச் சொருகினாள். "விசரா? எங்கட அண்ணனுக்கா? என்ன கதை ஐயா இது! ஊருக்குள்ள கேட்டுப் பாருங்க. தங்கமான மனிசன். நல்ல தெளிவு."

அவள் மனதாரத்தான் சொன்னாள்.

அதற்குள் கதிர்காமத்தம்பிக்கு அது விட்டுவிட்டது. கால் மணித்தியாலத்துக்கு மேல் அது நிற்பதில்லை. மூச்சு நேராக வந்தது, கை நின்றது. மண்ணைத் தட்டிக்கொண்டு எழும்பினான். அதைப் பார்த்த பிறகு அதிகாரி வேறொன்றும் கேட்கவில்லை. அவனை ஏற்றப் பிக்கப்பின் பின்பக்கத்தைத் திறந்தார்கள்.

"இஞ்சாருங்க," என்றாள் இரத்தினம்மா. அவனைக் கூப்பிட அவளிடம் வேறு சொல் இருக்கவில்லை.

அடுத்த நாள் கொப்பியோடு ஆமி முகாமுக்குப் போனாள். அப்படி ஒருவரைக் கொண்டுவரவில்லை என்றார்கள். அதற்கடுத்த நாளும் போனாள். அன்றைக்கும் அதே பதில். அந்தக் கிழமையில் புளியந்தீவிலிருந்து ஆச்சிப்பிள்ளைக்குச் சொல்லி அனுப்பினார்கள், சம்பந்தம் வேண்டாமென்று. ஆமி ஆள் பிடித்த வீட்டில் பெண் எடுக்கமாட்டோம் என்று சொன்னார்களாம்.

எட்டாம் நாள் இறங்குதுறையில் பழைய கோப்ரல் நின்றான். லீவு முடிந்து வந்திருந்தான். தலைமயிர் புதிதாக வெட்டியிருந்தான். கொப்பியைத் தூரத்திலேயே கண்டுகொண்டு, கையை நீட்டி வாங்கினான். முத்திரையைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தான். வேப்பமரத்தடியைப் பார்த்தான். அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான்.

"எங்க அம்மா, நம்மட பிஸ்ஸு ஐயா இண்டைக்கு வரல்லயா?"